ஹவ் வி ஃபீல் செயலி: பாதிக் கிணறு நன்றாகவே தாண்டுகிறது

உணர்வறிவை, அதாவது நம் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் புரிந்து கையாளும் திறனை, வளர்க்க உதவும் செயலிகளில் உருப்படியான ஒன்று ‘ஹவ் வி ஃபீல்’. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு லாபநோக்கற்ற அமைப்பு உருவாக்கியது, இலவசம்.

திறந்ததும் நான்கு நிறங்கள். சிவப்பு: வேகமும் கசப்பும். மஞ்சள்: வேகமும் உற்சாகமும். நீலம்: சோர்வும் கசப்பும். பச்சை: நிதானம். நிறத்தைத் தொட்டால் உணர்ச்சிச் சொற்கள் விரியும். விஷயமே இங்கேதான் இருக்கிறது. பொத்தாம்பொதுவாகக் ‘கோபம்’ என்று போடாமல் எரிச்சலா, ஏமாற்றமா, பொறாமையா என்று பிரித்துப் பார்த்தால் அடுத்துச் செய்ய வேண்டியதும் மாறும். எரிச்சல் என்றால் பத்து நிமிடம் எழுந்து நடந்தாலே தணியலாம். ஏமாற்றம் அப்படித் தணியாது. அலுவலக விஷயம் என்றால், எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்று மேலாளரிடம் பேசியாக வேண்டும்.

பிறகு யாருடன், எங்கே, என்ன வேலையில் இருந்தோம் என்று குறிக்கலாம். சோம்பலில் இதை விட்டுவிட்டால் மாதக் கடைசியில் வரும் வரைபடம் வெறும் வண்ணக் கோலம்தான். எந்த அலுவலகக் கூட்டம் நம்மைக் கிளப்பிவிடுகிறது என்று அதில் தெரியாது.

நினைவூட்டலை நாளுக்கு இரண்டு, மூன்றோடு நிறுத்துங்கள். கூடினால் பார்க்காமலே தள்ளிவிடத் தோன்றும். இரவில் மொத்தமாகப் பதிவதும் வீண். கடைசி மனநிலை முழு நாளுக்கும் சாயம் பூசிவிடும்.

மூச்சுப் பயிற்சிகள், குறுங்காணொளிகள் சுமார் ரகம். எதிரில் இருப்பவரைக் காதுகொடுத்துக் கேட்கவோ, கசப்பான கருத்தைப் பக்குவமாகச் சொல்லவோ இதில் பழக முடியாது; அதற்கு ஆள் வேண்டும். அலுவலகம் இதைக் கட்டாயமாக்கிப் பதிவுகளைக் கேட்டால், எல்லாருக்கும் தினமும் பச்சைதான்!