லோடு வண்டிக்கு ‘டிஜிட்டல்’ ரேடியோ: பெட்டியில் அச்சிட்டதும் எண்ணூர் சாலையில் கேட்பதும்

மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த விலையில், சிறு சரக்கு வண்டிகளுக்கென்று விற்கப்படும் ஒரு ரேடியோ செட்டைப் பற்றிய மதிப்புரை இது. காசிமேட்டில் மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வழியாகப் பொன்னேரி வரையிலும், மீன்வரத்து குறைந்த நாட்களில் வேறு சரக்குடன் மணலி, மாதவரம் பக்கமும் ஓடும் எங்கள் பிக்கப் வண்டியில் இது பொருத்தப்பட்டிருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எஃப்.எம். கேட்பதற்கு இது வாங்கத் தகுந்த செட். டிஜிட்டல் வானொலி என்று நம்பி வாங்கத் தகுந்ததன்று. இதன் நிறுவனப் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஒரே உட்பாகம் முகப்புத் தகடு மட்டும் மாறிப் பல பெயர்களில் கடைகளில் தொங்குவதால், பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதே வாங்குபவருக்குப் பயன்படும்.

பெட்டியின் முகப்பில் ‘டிஜிட்டல் எஃப்.எம்.’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அலைவரிசையை முள்ளைத் திருப்பித் தேடாமல், திரையில் எண்ணாகக் காட்டி, அந்த எண்ணைவிட்டு நழுவாமல் பிடித்து நிற்கும் மின்னணுச் சுற்று உள்ளே இருக்கிறது என்பதற்கு மேல் அந்த அச்சுக்குப் பொருளில்லை. ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து வருவது பழைய அனலாக் அலைதான். இந்தியாவில் முதன்முதலாக எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியது 1977 ஜூலை 23 அன்று, நம் சென்னையில். அன்று குரலை அலையில் ஏற்றிய முறைதான் அடிப்படையில் இன்று 91.1 முதல் 106.4 மெகாஹெர்ட்ஸ் வரை வரிசையாக நிற்கும் நிலையங்களுக்கும். ஆகவே, டிஜிட்டல் செட் மாட்டினால் கரகரப்பே இருக்காது என்று விற்பனையாளர் சொன்னால், அதை வியாபாரப் பேச்சாக எடுத்துக்கொள்வது நல்லது.

உண்மையான டிஜிட்டல் வானொலி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஐரோப்பாவில் டி.ஏ.பி. என்ற முறை பரவி, நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்.எம். ஒலிபரப்பையே நிறுத்திவிட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பருக்குப் பின் விற்பனைக்கு வரும் புதிய கார்களில் ரேடியோ இருந்தால், அது டிஜிட்டல் ஒலிபரப்பையும் பெறக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்ற ஹெச்.டி. ரேடியோ, அதே எஃப்.எம். அலைவரிசையில் அனலாக் ஒலியின் இருபக்கமும் டிஜிட்டல் ஒலியை ஏற்றி அனுப்புகிறது. இந்தியாவில் ஆகாசவாணி தேர்ந்தெடுத்தது டி.ஆர்.எம். என்னும் மூன்றாவது முறையை. மத்திய அலையில் (மீடியம் வேவ்) அதற்கென முப்பதுக்கும் மேற்பட்ட ஒலிபரப்பிகளை நாடெங்கும் நிறுவியிருக்கிறார்கள். சென்னையும் அவற்றுள் ஒன்று. சில பயணிகள் கார்களில் டி.ஆர்.எம். ஒலிபரப்பைப் பெறும் கருவி தொழிற்சாலையிலிருந்தே பொருத்தப்பட்டு வருகிறது. தனியார் எஃப்.எம். நிலையங்களும் டிஜிட்டலுக்கு மாறுவதற்கான பரிந்துரையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025இல் அளித்தது. தொடக்கத்தில் இடம்பெறும் பெருநகரங்களில் சென்னையும் உண்டு. நாம் பேசும் விலையில் கிடைக்கும் லோடு வண்டிச் செட்டுகளில் இந்த மூன்று முறைகளில் எதுவும் கிடையாது. பர்மா பஜார் பக்கம் வெளிநாட்டுச் செட் ஒன்றில் டி.ஏ.பி. என்ற எழுத்தைக் கண்டு கூடுதல் விலை கொடுப்பதும் வீண். அந்த ஒலிபரப்பே இங்கே இல்லை.

இந்த மதிப்புரையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது, பெட்டியில் எங்கும் அச்சிடப்படாத ஓர் அமைப்பைப் பற்றி. செட்டின் பட்டியலுக்குள் ‘ஏரியா’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதில் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆசியா என்ற வகைகள் வருகின்றன. இந்தச் செட் தொழிற்சாலையிலிருந்து அமெரிக்கத் தேர்விலேயே வருகிறது. அங்கே எஃப்.எம். நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்ணிலேயே அமைந்திருக்கும். அதனால் செட் 101.3, 101.5 என்று தாண்டிப் போகுமே தவிர, 101.4இல் நிற்காது. சென்னையில் இதன் விளைவு வேடிக்கையானது: 91.1, 92.7, 93.5, 98.3, 102.3 ஆகியவை ஒற்றைப்படையில் முடிவதால் தெளிவாகக் கேட்கின்றன. ஆகாசவாணியின் ரெயின்போ 101.4, ஹலோ எஃப்.எம். 106.4, அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 போன்றவையோ ஓரத்தில் சிக்கிக் கொரகொரக்கின்றன, அல்லது தானியங்கித் தேடலில் அகப்படுவதே இல்லை. ரெயின்போ சரியாக எடுப்பதில்லை என்று புகார் சொல்லும் வண்டிக்காரர்கள் ஆன்டெனாவை மாற்றுவதற்கு முன் இந்த ஒரு தேர்வைப் பார்த்துவிட வேண்டும். ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றியதும் இடைவெளி 0.1 அல்லது 0.05 ஆகிவிடுகிறது.

அதே தேர்வு ஒலியின் நிறத்தையும் தொடுகிறது. எஃப்.எம். நிலையங்கள் உச்சஸ்தாயி ஒலிகளை வேண்டுமென்றே உயர்த்தி அனுப்பும்; செட் அதே அளவு அவற்றைத் தாழ்த்திச் சமன் செய்ய வேண்டும். இந்த அளவு நம் நாட்டில் 50 மைக்ரோவினாடி, அமெரிக்காவில் 75. அமெரிக்கத் தேர்வில் விட்டுவைத்த செட் தேவைக்கு அதிகமாகத் தாழ்த்துவதால், பாட்டில் ஜால்ராவும் பேச்சில் ‘ச’கரமும் மங்கிக் கேட்கும். டீசல் எஞ்சினின் உறுமலுக்கு நடுவே, டேஷ்போர்டில் ஒளிந்திருக்கும் நான்கு அங்குல ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இந்த மங்கல் சின்ன விஷயமன்று. ஜப்பான் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: அங்கே அலைவரிசைகள் 76இலிருந்து தொடங்கி, பழைய செட்டுகளில் 90இலேயே முடிந்துவிடும், நம் நிலையங்களில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள்ளேயே வராது. புதுப்பேட்டையில் பழைய ஜப்பானியச் செட் வாங்குவோர் இதை நினைவில் கொள்ளலாம்.

அடுத்து ஆன்டெனா. செட்டின் உணர்திறன் இந்த விலைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால், செட்டோடு வரும் கண்ணாடியில் ஒட்டும் ஆன்டெனா குப்பையில் போடத்தான் தகும். எஃப்.எம். பட்டையின் நடுவில் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கால் பங்கான 75 சென்டிமீட்டர் அளவுள்ள கம்பிதான் இயல்பாக இசைந்து நிற்கும். கேபினின் முன்தூணில் பொருத்தும், இழுத்து நீட்டும் பழைய பாணிக் கம்பி அழகில்லாவிட்டாலும் அந்த அளவுக்கு அருகில் வருகிறது. விரல் நீள ரப்பர் ஆன்டெனா உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றி ஏமாற்றித்தான் வேலை செய்கிறது. அதன் குறையைச் சரிக்கட்ட அடியில் ஒரு சிறு பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) இருக்கும், அந்தப் பெருக்கிக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். செட்டின் பின்புறத்திலிருந்து வரும் நீல வயர் அதற்கானது. வயரிங் செய்பவர்கள் மஞ்சளை பேட்டரிக்கும், சிவப்பைச் சாவிக்கும், கறுப்பை எர்த்துக்கும் கொடுத்துவிட்டு, நீலத்தை டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் வண்டியிலும் முதலில் அப்படித்தான் செய்திருந்தார்கள். மின்சாரம் கிடைக்காத பெருக்கி வருகிற சமிக்ஞையையும் தடுத்து நிற்கும் என்பதால், அந்த நிலையில் வெறும் கம்பியே மேல். பின்னர் நீட்டுக் கம்பிக்கு மாறிவிட்டோம்.

கடலோரத்தில் ஓடும் வண்டிகளுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. ஆன்டெனாவின் அடிப்பகுதி வண்டியின் உடலோடு நல்ல தொடர்பில் இருக்க வேண்டும். அந்த இரும்புத் தகடுதான் ஆன்டெனாவின் மறுபாதி. காசிமேட்டு உப்புக் காற்றும், மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும், கழுவும்போது தெறிக்கும் கடல்நீரும் சேர்ந்து அந்த இணைப்பைச் சத்தமில்லாமல் துருவாக்கிவிடும். மழைக்காலம் முடிந்த பின் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தால், பெரும்பாலும் குற்றவாளி இந்தத் துருதான். ஆன்டெனாவைக் கழற்றி, அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவித் திரும்ப முறுக்குவது ஒரு தேநீர் நேரத்து வேலை. செட்டைக் குறைசொல்லி மாற்றியவர்களில் எத்தனை பேர் இதைச் செய்து பார்த்திருப்பார்களோ, தெரியவில்லை.

ஓட்டத்தில் இந்தச் செட் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு வருகிறேன். தண்டையார்ப்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் ஆகிய இடங்களில் பெரிய நிலையங்கள் எல்லாம் ஸ்டீரியோவில் குறையின்றிக் கேட்கின்றன. 90.4 மட்டும் வடக்கே வர வர மெலிகிறது; சமுதாய வானொலிகளுக்கு அனுமதிக்கப்பட்ட கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட் மட்டுமே என்பதால், கிண்டியிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு அதை எதிர்பார்ப்பது நியாயமாகாது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் உண்மையான சோதனை. கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், இரும்புப் பெட்டிகளில் மோதித் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், நின்ற இடத்தில் ஒரு நிலையம் திடீரென்று சீறும். வண்டி அரை மீட்டர், ஒரு மீட்டர் நகர்ந்தால் பளிச்சென்று தெளியும். இது செட்டின் பழுதன்று. அப்படிப்பட்ட நேரத்தில் உதவுவது, எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைத் தரும் மோனோ பொத்தான். ஸ்டீரியோ ஒலியைப் பிரித்தெடுக்கும்போது இரைச்சலும் பல மடங்கு கூடுவதால், மோனோவுக்கு மாறியதும் சீறல் பெருமளவு அடங்கிவிடுகிறது. விலை உயர்ந்த செட்டுகள் சமிக்ஞை மெலிய மெலியத் தாமாகவே மோனோவை நோக்கி மெல்லச் சாயும். இது அப்படிச் செய்யாமல் சட்டென்று தாவுகிறது, அந்தத் தாவல் காதில் உறுத்துகிறது. மோனோ பொத்தானைப் பட்டியலுக்குள் மூன்று படி தாண்டி ஒளித்துவைத்திருப்பதும் எரிச்சலூட்டுகிறது. மீஞ்சூர் தாண்டினால் நான் அதை மோனோவிலேயே விட்டுவிடுகிறேன்.

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள உயர் அழுத்தக் கம்பிகளுக்கு அடியில் எஃப்.எம். அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. இந்தச் செட்டில் மத்திய அலையும் இருக்கிறது. 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை நிலையத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால், பேச்சுக்கு மேல் பொரியும் சத்தம் கேட்கிறது. மின்மயமான ரயில்பாதையை ஒட்டிச் செல்லும்போதும் அப்படித்தான். மத்திய அலையில் டி.ஆர்.எம். கேட்பவர்களுக்கு இதே இடங்களில் வேறுவிதமான தொல்லை நேரும்: அனலாக் ஒலி தேய்ந்து கரகரத்தாவது செய்தியைச் சொல்லிவிடும், டிஜிட்டல் ஒலியோ கடைசிவரை தெளிவாக இருந்து ஒரே வெட்டாக அறுந்துவிடும்.

வெளி இரைச்சலைவிட வண்டிக்குள்ளேயே பிறக்கும் இரைச்சல்தான் இப்போது பெரிய தொல்லை. ஐம்பது, நூறு ரூபாய் மொபைல் சார்ஜரும், மலிவான எல்.இ.டி. முகப்பு விளக்கும், டேஷ் கேமராவும் எஃப்.எம். பட்டைக்குள்ளேயே இரைச்சலைக் கக்குகின்றன. வேக்யூம் கிளீனரைப் போல எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச்சத்தம் கேட்டால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வயரிங் வழியாக வருவது. வேகம் மாறினாலும் மாறாத சீறலானால் சார்ஜரை ஒருமுறை பிடுங்கிப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் சார்ஜரைப் பிடுங்கியதும் 106.4 உயிர் பெற்றது.

ஆர்.டி.எஸ். வசதி இந்தச் செட்டில் இருக்கிறது. எஃப்.எம். அலையின் ஓரத்தில், 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் எழுத்துகளை அனுப்பும் முறை அது. நிலையம் அனுப்பினால் எட்டு எழுத்துப் பெயரும், சில வேளைகளில் பாடல் விவரமும் திரையில் ஓடும். அதற்கு மேல் இங்கே பயனில்லை. அதோடு வரும் ஏ.எஃப்., டி.ஏ. இரண்டையும் அணைத்துவைப்பதே நல்லது. ஒரே நிகழ்ச்சி பக்கத்து ஊர்களில் வேறு வேறு எண்ணில் வரும் நாடுகளில், தானாக அடுத்த எண்ணுக்குத் தாவுவதற்காக ஏற்பட்டது ஏ.எஃப்.; போக்குவரத்து அறிவிப்புக்காகக் காத்திருப்பது டி.ஏ. இவை விழித்திருந்தால் செட் இல்லாததைத் தேடிக்கொண்டு நடுநடுவே ஒலியை விழுங்குகிறது. தேடல் பொத்தானோடு இருக்கும் ‘லோக்கல்’ தேர்வு இதற்கு நேர்மாறாகப் பயனுள்ளது: ஊருக்குள் அதை இயக்கினால் வலுவான நிலையங்களில் மட்டுமே தேடல் நிற்கும், பொன்னேரிப் பக்கம் போகும்போது அணைத்துவிடலாம்.

குமிழ் திருகுவதற்கு வசதியாக, கையுறை போட்ட கையிலும் பிடிபடும் அளவில் இருக்கிறது. புளூடூத்தும் பென் டிரைவும் குறையின்றி வேலை செய்கின்றன. சாவியை எடுத்தால் நினைவில் வைத்த நிலையங்கள் அழிந்துவிடுகின்றன என்று சிலர் சொல்லும் குறை செட்டினுடையதன்று. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கும். திரை வெளிச்சம்தான் எனக்குப் பெரிய மனக்குறை. விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்துக்குப் போகும் வண்டியில் அந்த நீல ஒளி முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்கிறது. முகப்பு விளக்கோடு சேர்ந்து மங்குவதற்கான ஆரஞ்சு வயர் இந்த மாடலில் இல்லை. இதே விலையில் அந்த வயருள்ள செட் கிடைத்தால் நான் அதையே எடுக்கச் சொல்வேன். செட்டுக்கு இருநூறு ரூபாய் குறைத்துப் பேசி, அந்தப் பணத்தில் நல்ல நீட்டுக் கம்பி ஆன்டெனாவை வாங்குவது இன்னும் மேல். பொருத்தி முடித்ததும் கடை வாசலிலேயே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சார்ஜர் மாட்டியிருக்க, 101.4ஐ வைத்துக் கேட்டுவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.