கடலோர விடுமுறை வீடு: ஸ்பெயினில் விற்பது எளிதா, தாய்லாந்தில் விற்பது எளிதா?

வெளிநாட்டுக் கடற்கரை ஊரில் வீடு வாங்கப் போகிறவர்கள் பால்கனியில் நின்று கடல் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நானாக இருந்தால் அதை எப்படிக் கைகழுவுவது என்றுதான் முதலில் கேட்பேன். ஸ்பெயினின் மாலாகா கடற்கரையில் ஓர் அடுக்குமாடி வீடு, தாய்லாந்தின் பட்டாயாவில் ஒரு காண்டோ, அதாவது அங்கே தனித்தனியாகச் சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடு. இரண்டையும் அந்தக் கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

யாருக்கு விற்கலாம் என்பதிலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. ஸ்பெயினில் உள்ளூர்க்காரரும் வெளிநாட்டவரும் ஒரே வீட்டுக்குப் போட்டி போடலாம். தாய்லாந்தில் 1979ஆம் ஆண்டின் காண்டோமினியம் சட்டப்படி, ஒரு கட்டடத்தின் வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். உங்கள் வீடு அந்தப் பங்குக்குள் இருந்தால் யாருக்கும் விற்கலாம். தரகர் இனிக்க இனிக்கப் பேசி, சொந்த உரிமைக்குப் பதிலாக 30 ஆண்டு குத்தகையைத் தலையில் கட்டியிருந்தால், கதை வேறு. 12 ஆண்டு கழித்து விற்கப் போனால் உங்கள் கையில் இருப்பது 18 ஆண்டுதான். ஆண்டுக்கு ஆண்டு கரையும் பொருளை நல்ல விலைக்கு யார் வாங்குவார்?

வரியில் இரு நாடுகளின் குணமும் தெரிந்துவிடும். ஸ்பெயினில் வசிக்காதவர் விற்றால், வாங்குபவர் விலையில் 3 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு நேராக வரித்துறையிடம் கட்டிவிடுவார். லாபத்துக்கு வரி 19 சதவீதம். நட்டத்தில் விற்றிருந்தால் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அதற்கு மனுப்போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது போக, நில மதிப்பு உயர்வுக்காக நகராட்சி கேட்கும் 'ப்ளுஸ்வலீயா' வரி. லாபமே இல்லாதவர்களிடமும் இதை வசூலித்துவந்த கணக்கு முறையை 2021 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே புதிய விதி வந்தது. இப்போது மதிப்பு உயரவில்லை என்று பத்திரங்களைக் காட்டி நிரூபித்தால் கட்ட வேண்டியதில்லை.

தாய்லாந்தில் எல்லாம் நில அலுவலகக் கவுன்டரில் ஒரே நாளில் முடிந்துவிடும். பெயர் மாற்றக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம். அதைப் பெரும்பாலும் இரு தரப்பும் பேசிப் பகிர்ந்துகொள்வார்கள். ஐந்து ஆண்டுக்குள் விற்றால் பொதுவாக 3.3 சதவீத வணிக வரி. அதற்குப் பிறகு என்றால் 0.5 சதவீத முத்திரைத் தீர்வை. வருமான வரியையும் அங்கேயே பிடித்துவிடுவார்கள். நீங்கள் உண்மையில் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அரசு மதிப்பையும் வைத்திருந்த ஆண்டுகளையும் வைத்தே கணக்கு. நட்டத்தில் விற்றாலும் கட்டித்தான் ஆக வேண்டும். ஸ்பெயின் இழுத்தடிக்கும், ஆனால் நியாயம் கேட்க இடம் உண்டு. தாய்லாந்தில் வேலை சட்டென்று முடியும், வாதாட இடமில்லை.

இதில் பலர் கோட்டைவிடுவது ஒரு காகிதத்தில். வீடு வாங்கிய பணம் வெளிநாட்டு நாணயமாகத் தாய்லாந்துக்குள் வந்தது என்று வங்கி தரும் சான்று அது. அது இல்லாமல் வெளிநாட்டவர் பெயரில் பதிவு செய்வதே கடினம். விற்ற பணத்தை வெளியே அனுப்பும்போதும் வங்கி அதைத்தான் முதலில் கேட்கும். ஸ்பெயினில் இதற்கு ஈடாகத் தொல்லை கொடுப்பது, அடுக்குமாடியின் உரிமையாளர் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி. நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குமான நிலுவை வீட்டோடு சேர்ந்து புது உரிமையாளர் தலையில் விழும். அதனால் பாக்கி இல்லை என்ற சங்கச் சான்று இல்லாமல் விவரம் தெரிந்தவர் யாரும் நோட்டரி முன் கையெழுத்துப் போட மாட்டார்.

வைத்திருக்கும் செலவில் தாய்லாந்துக்கே என் ஓட்டு. அங்கே விடுமுறை வீட்டுக்கு நில, கட்டட வரி 0.02 சதவீதத்தில் தொடங்குகிறது. தாய்லாந்து நாணயத்தில் 30 லட்சம் பாட் மதிப்புக்கு ஆண்டுக்கு 600 பாட். ஸ்பெயினில் நகராட்சி வரி தனி. அதோடு, நீங்கள் வாடகைக்கே விடாவிட்டாலும் கற்பனை வருமானம் ஒன்றுக்கு வரி உண்டு. அரசுப் பதிவு மதிப்பு 60,000 யூரோ என்றால், பல ஊர்களில் அதில் 1.1 சதவீதம், அதாவது 660 யூரோ, வருமானமாகக் கொள்ளப்படும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் அதில் 24 சதவீதமாகச் சுமார் 158 யூரோ கட்ட வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடு எந்தக் கரையிலும் ஒன்றுதான். எட்டு மாதம் கழித்துக் கதவைத் திறந்தால் சாக்கடை நாற்றம் முகத்தில் அடிக்கும். குளியலறை வடிகாலின் வளைவுக் குழாயில் நிற்கும் தண்ணீர் வற்றி, வழி திறந்துகொண்டதுதான் காரணம். கிளம்பும்போது ஒரு குவளைத் தண்ணீரும் அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றிவிட்டு வந்தால் வற்றுவது தாமதமாகும். ஏசியின் வெளிப்பெட்டியைத் துருவிடமிருந்து காக்க எனக்கு வழி தெரியவில்லை.

வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்ற கணக்கும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. ஸ்பெயினில் 2025 ஏப்ரல் 3 முதல், புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்க உரிமையாளர் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு சம்மதம் வேண்டும். தாய்லாந்தில் 30 நாளுக்குக் குறைவான வாடகை, உரிமம் இல்லாவிட்டால் 2004ஆம் ஆண்டின் ஹோட்டல் சட்டத்தை மீறுவதாகும்.

எனவே பத்தாண்டு வைத்திருந்து விற்க நினைப்பவருக்கு ஸ்பெயினைச் சொல்வேன். வரி கூடுதல்தான், ஆனால் வாங்க வருகிறவர்களும் கூடுதல். பட்டாயாவில் ஏற்கெனவே வாங்கிவிட்டவர் விளம்பரம் கொடுக்கும் முன் கட்டட நிர்வாக அலுவலகத்துக்குப் போய், வெளிநாட்டவர் பங்கு இன்று எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று எழுத்தில் வாங்கி வரட்டும்.