செராமிக்கைக் கழற்றிவிட்டு ஆர்கானிக் கிளட்ச்: 22,000 கி.மீ. ஓட்டிய பிறகு

தினமும் வேலைக்குப் போய்வரும் காரில் பந்தயக் காருக்கான கிளட்சை மாட்டிப் பதினோரு மாதம் அவதிப்பட்டவன் எழுதுகிறேன். இப்போது காரில் இருப்பது ஒற்றைப் பிளேட், வட்டம் முழுக்க லைனிங் (உரசிப் பிடிக்கும் பட்டை) உள்ள ஆர்கானிக் (இழையும் பிசினும் சேர்ந்த மென்மையான லைனிங்), அதிர்வைக் குறைக்க நடுவில் ஸ்பிரிங் வைத்த ஹப், பிளேட்டை ஒரிஜினலைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதலாக அழுத்தும் பிரஷர் பிளேட், கூடவே ஒற்றைத் துண்டு ஸ்டீல் ஃப்ளைவீல், அதாவது இன்ஜினோடு சுற்றும், கிளட்ச் உரசிப் பிடிக்கும் சக்கரம். 22,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, நன்றாக இருக்கிறது, ஒரு குறை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. முந்தையதைத் திட்ட வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, கிளட்ச் வாங்கும்போது பெட்டியில் இருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் வகைதான் உங்கள் காலை உயிரோடு வைத்திருக்கும்.

கார் 2 லிட்டர் டர்போ பெட்ரோல். வாங்கியபோது 350 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). இ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்) டியூன், இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் எல்லாம் முடிந்தபோது 460. ஒரிஜினல் கிளட்ச் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தது. அப்புறம் ஒருநாள் ஐந்தாவது கியரில் 2,500 ஆர்.பி.எம்.மில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தேன், முள் விறுவிறுவென்று 4,000-க்கு ஏறியது, வண்டி ஏறவில்லை. சில நொடி கழித்து அந்தக் கருகல் வாடை. முதல், இரண்டாம் கியரில் இது எளிதில் தெரியாது. டர்போ காருக்கு டார்க் கீழேயே வந்துவிடுவதால் மேல் கியரில், நடு ஆர்.பி.எம்.மில்தான் கிளட்ச் முதலில் கைவிடும். சந்தேகம் இருப்பவர்கள் ஆளில்லாத ரோட்டில் ஒரே ஒரு தடவை இப்படிச் சோதித்துப் பாருங்கள், திரும்பத் திரும்ப வேண்டாம், நல்லா இருக்கிற கிளட்சும் கருகிவிடும்.

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். மறுபடி கியர்பாக்ஸ் இறக்கவே கூடாது, எதிர்காலத்தில் பெரிய டர்போ போட்டாலும் தாங்க வேண்டும் என்று நினைத்து ஆறு பக் செராமிக் (வட்டம் முழுக்க இல்லாமல் ஆறு தனித்தனித் துண்டாக லைனிங்), ஸ்பிரிங் இல்லாத ஹப், பட்டியலில் இருந்ததிலேயே பெரிய நம்பர் கொண்டதை வாங்கினேன். எதிர்கால டர்போ இன்றுவரை வரவில்லை.

அந்தக் கிளட்ச் பிடிக்கும், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிடிப்பது, விடுவது என்று இரண்டே நிலைதான், நடுவில் ஒன்றுமில்லை. சாதாரண ஆர்கானிக் பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக வளைத்த மெல்லிய ஸ்டீல் இருக்கும், மார்செல் என்பார்கள். பெடலை விடும்போது அது மெதுவாகத் தட்டையாவதால்தான் வண்டி குலுங்காமல் நகர்கிறது. என்னுடைய பக் பிளேட்டில் அந்த மெத்தையே இல்லை. நெரிசலில் ஒரு கார் நீளம் நகர்வதற்குள் முன்பக்கம் முழுக்க உதறும். சரிவில் ரிவர்ஸ் எடுப்பது இன்னும் மோசம், டேஷ்போர்டே கழன்று வந்துவிடுமோ என்று இருக்கும். என் தங்கை ஒருநாள் அவசரத்துக்குக் காரை எடுத்துப் போனாள், ஒரே சிக்னலில் நான்கு தடவை இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "இனி நான் பஸ்ஸிலேயே போய்க்கிறேன்ண்ணா" என்றாள். பதினோரு மாதம் கழித்துக் கழற்றியபோது ஃப்ளைவீல் முகத்தில் நகத்தால் தடவினாலே தெரிகிற அளவுக்குக் கோடுகள். செராமிக், சின்டர்டு இரும்பு (தூளை அழுத்திச் சுட்டது) இரண்டுமே எதிரில் இருப்பதைத் தின்னும், அது தெரிந்துதான் வாங்க வேண்டும்.

கழற்றிய பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், போட வேண்டியது வாங்குவதற்கு முன்னால். உரசும் முகங்கள் எத்தனை, உராய்வுக் குணகம் எவ்வளவு, பிரஷர் பிளேட் எத்தனை நியூட்டனில் அழுத்துகிறது, லைனிங்கின் சராசரி ஆரம் எவ்வளவு, இந்த நான்கையும் பெருக்கினால் கிளட்ச் தாங்கும் டார்க் வந்துவிடும். உதாரணத்துக்கு ஒற்றைப் பிளேட்டுக்கு முகம் 2, ஆர்கானிக்குக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம், அழுத்தம் 8,000 நியூட்டன், ஆரம் 0.1 மீட்டர்: 480 நியூட்டன் மீட்டர். அதே பிளேட்டை அப்படியே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் 30 சதவீதம் கூட்டுங்கள், 624. அழுத்தத்தைத் தொடாமல் குணகம் 0.4 உள்ள லைனிங் போடுங்கள், 640. இரட்டைப் பிளேட் போட்டால் முகம் 4 ஆகிவிடும், பழைய அழுத்தத்திலேயே 960. அதாவது 460 டார்க்குக்கு எனக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் கனத்த பிரஷர் பிளேட், அவ்வளவுதான். சூடானால் உராய்வு குறையும், தேய்ந்தால் அழுத்தம் மாறும், அதற்காக 25 முதல் 30 சதவீதம் மிச்சம் வைத்துக்கொண்டால் தினசரி ஓட்டத்துக்குப் போதும். இரண்டு மடங்கு மிச்சம் வைத்தால் அதை உங்கள் இடது கால்தான் சுமக்கும்.

இங்கே பலரும் சறுக்குவது குதிரைத்திறனில். கிளட்சுக்கு டார்க் மட்டும்தான் தெரியும். 7,000 ஆர்.பி.எம்.மில் 300 குதிரைத்திறன் தரும் டர்போ இல்லாத இன்ஜின் அந்த இடத்தில் தருவது சுமார் 305 நியூட்டன் மீட்டர். அதே 300-ஐ டர்போ இன்ஜின் 4,500-இல் தந்தால் 475. ஒரே குதிரைத்திறன், கிளட்ச் வேறு வேறு. இன்னொரு விஷயம், டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் மேடை) சக்கரத்தில் அளந்த எண்ணைக் கொண்டுபோய்க் கிளட்சின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், கிளட்ச் இருப்பது கியர்பாக்ஸுக்கு முன்னால், அங்கே வரும் டார்க் கூடுதல்.

கம்பெனிகள் கிளட்சுக்குப் போடும் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்ற தர எண்ணை நம்பி வாங்குவதும் அப்படித்தான். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. எக்ஸெடி என்ற கம்பெனியில் ஸ்டேஜ் 1 ஆர்கானிக், ஸ்டேஜ் 2 செராமெட்டாலிக் (செராமிக்கும் உலோகமும் கலந்தது). ஏ.சி.டி. என்ற இன்னொரு கம்பெனியில் ஸ்டேஜ் என்ற பேச்சே இல்லை, பிரஷர் பிளேட்டுக்கு ஒரு பெயர், பிளேட்டுக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாகச் சேர்த்து விற்கிறார்கள், எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் லைனிங் என்ன, ஹப்பில் ஸ்பிரிங் உண்டா, அழுத்தம் எவ்வளவு கூடியிருக்கிறது, இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறு கடை.

கெவ்லார் என்ற வலுவான இழையில் செய்த லைனிங்கும் யோசித்தேன். நீண்ட நாள் உழைக்கும், ஃப்ளைவீலையும் கடிக்காது. ஆனால் பழக்கும் காலம் அதிகம், அதற்குள் ஒரு தடவை நன்றாகச் சூடாக்கிவிட்டால் முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரட்டைப் பிளேட் ஆர்கானிக்கை நண்பனின் காரில் ஓட்டிப் பார்த்தேன். பெடல் பஞ்சு மாதிரி, 700-க்கு மேல் டார்க் போட்டால் நானும் அதைத்தான் வாங்குவேன். பெடலை மிதித்தபடி நின்றால் நடுப் பிளேட் கலகலவென்று சத்தம் போடும், பழுது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், அதன் சுபாவம் அது.

சரி, இப்போதைய கிளட்சுக்கு வருவோம். மாட்டிய முதல் நாளே உதறல் போய்விட்டது. பெடல் ஒரிஜினலைவிடக் கனம்தான், அரைமணி நேர நெரிசலில் தெரியாது, ஒன்றரை மணி நேரத்தில் தெரியும். இந்தக் கூடுதல் அழுத்தம் காலோடு நிற்பதில்லை, மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் ஷாஃப்ட் (இன்ஜினின் முக்கியத் தண்டு) முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கையும் தள்ளுகிறது. அதனால் சிக்னலில் நியூட்ரலுக்குப் போய்ப் பெடலை விட்டுவிடுவேன், முன்பு இருந்த சோம்பல் இதனால் போனது லாபம்.

பழக்குவதற்கு 800 கிலோமீட்டர் என்று தாளில் இருந்தது. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் 800 ஓட்டினால் அது பழக்கியதாகாது, கிளட்ச் பிடித்து விடும் எண்ணிக்கைதான் கணக்கு. வேண்டுமென்றே கூட்டமான நேரத்தில் கிளம்பினேன், ஒரு தடவைகூட முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கவில்லை. முதல் இரண்டு நாள் லேசான வாடை வந்தது, அப்புறம் இல்லை.

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஸ்லேவ் சிலிண்டர், இன்ஜின் பின்பக்க ஆயில் சீல், புது ஃப்ளைவீல் போல்ட் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். அந்த சீலிலிருந்து சொட்டு ஆயில் ஆர்கானிக் லைனிங்கில் பட்டால் எவ்வளவு நல்ல கிளட்சும் வீண். ஸ்ப்ளைனில் (பிளேட் சறுக்கி நகரும் பல் வெட்டிய தண்டு) கிரீஸை அள்ளிப் பூசும் மெக்கானிக்கையும் கவனியுங்கள், சுற்றும்போது அது எங்கே தெறிக்கும் என்று அவர் யோசிப்பதில்லை.

ஆர்கானிக்கின் எல்லை எங்கே என்றால், தொடர்ச்சியாக லாஞ்ச் செய்வதில், அதாவது நின்ற இடத்தில் ஆர்.பி.எம். ஏற்றிச் சட்டென்று பாய்ந்து கிளம்புவதில். விளையாட்டாக மூன்று தடவை செய்தேன், மூன்றாவதில் வாடை, பிடிக்கும் இடம் சற்று மேலே ஏறியது, பத்து நிமிடம் ஆறியதும் பழையபடி வந்தது. வாரம் தவறாமல் டிராக் போகிறவருக்கு இது பத்தாது. அவர் செராமிக்கே போடட்டும், ஆனால் ஸ்பிரிங் ஹப்போடு.

அந்தக் குறை ஃப்ளைவீல். ஒரிஜினல் இரட்டை நிறை ஃப்ளைவீல் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கால் இன்ஜின் அதிர்வை விழுங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைத் துண்டு அதைச் செய்யாது, பிளேட்டின் ஹப் ஸ்பிரிங்கால் முடிந்த அளவுதான். நியூட்ரலில் பெடலை விட்டு நின்றால் கியர்பாக்ஸில் டீசல் வண்டி மாதிரி கடகடப்பு, மிதித்தால் நின்றுவிடுகிறது, இரட்டைப் பிளேட்டுக்கு நேர் எதிர். கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. நான் ஆசைப்பட்டு லேசான ஃப்ளைவீலாகப் பார்த்து எடுத்தேன், ஆர்.பி.எம். சட்டென்று இறங்குகிறது, கியர் மாற்ற ஜோராக இருக்கிறது, கடகடப்பும் அதனாலேயே கூடுதல். இன்னும் கொஞ்சம் கனமானதாக எடுத்திருக்கலாம். அடுத்த தடவை கியர்பாக்ஸ் இறங்கும்போது மாற்றிவிடுவேன், அதற்காக மட்டும் இறக்க மாட்டேன். தங்கை போன மாதத்திலிருந்து மறுபடி காரை எடுக்க ஆரம்பித்துவிட்டாள், சத்தத்தைப் பற்றி மட்டும் கேட்கிறாள்.