போலித்தனமும் நாகரிகமும்

இரண்டுமே மனதில் இருப்பதை அப்படியே கொட்டிவிடுவதில்லை. ஆனாலும் நாகரிகமாகப் பேசுபவரை நமக்குப் பிடிக்கிறது. போலியாகப் பேசுபவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

யாருக்காக மறைக்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஓர் அறிக்கையைச் சொதப்பிவிடுகிறார். நாகரிகம் தெரிந்தவர் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காமல், பிறகு தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்களேன்" என்பார். போலியானவரோ "பிரமாதம், அசத்திட்டீங்க!" என்று தோளில் தட்டிவிட்டு, அவர் தலை மறைந்ததும் மேலாளரிடம் போட்டுக்கொடுப்பார். முன்னவர் அடுத்தவர் மனம் நோகாமல் இருக்க மறைக்கிறார். பின்னவர் தன் காரியம் ஆக மறைக்கிறார்.

சிரிப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். உதட்டோரத்தை நினைத்தவுடன் உயர்த்தலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் இசையும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் எழுதினார். ஆனால் அதையும் வரவழைக்கத் தெரிந்தவர்கள் உண்டு என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆகவே இந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார் என்பதே எனக்கு முக்கியம்.

போலித்தனம் அம்பலமானால் அந்த ஒரு பொய்யோடு முடிவதில்லை. பழைய பாராட்டு, துக்கத்தில் சொன்ன ஆறுதல், நம்பி நாம் சொன்ன ரகசியம் என எல்லாவற்றையும் திரும்ப எடுத்துச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் மனிதர்களால் மன்னிக்க முடிவதில்லை.