முன்பள்ளியில் ரீவியும் கைப்பொம்மையும்: பல தவணை பாவித்த பிறகு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து முன்பள்ளிகளில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு ரீவியில் பாட்டும் கார்ட்டூனும் பொம்மை நிகழ்ச்சியும் போட்டுப் படிப்பிப்பது இப்போது சாதாரணம். பல தவணைகள் பாவித்துப் பார்த்ததில் கணக்கு இதுதான்: பொம்மை பேசும் வீடியோத் துண்டுக்குப் பிள்ளை பதில் சொல்லும். பாட்டு மனப்பாடமாகும், ஆனால் எழுத்தையோ எண்ணையோ கொண்டுவந்து சேர்ப்பதில்லை. வேகக் கார்ட்டூன் பிள்ளையை இருத்தி வைக்கும், வேறு வேலை எதுவும் செய்யாது. ரிமோட்டில் முதலில் தேய்ந்து போக வேண்டியது நிறுத்தும் பொத்தான்.

அதிகச் சிக்கல் எழுத்துப் பாட்டில்தான். எ-ஏ, ஒ-ஓ இரண்டு சோடியும் காதுக்கு நீளத்தால் மட்டும் வேறுபடுபவை. எழுதும்போதும் ஒரு சின்னக் கோடு, ஒரு சின்னச் சுழி, அவ்வளவுதான் வித்தியாசம். மெட்டு குரலை இழுக்கும். ‘எ, எ, எலி’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஏ... ஏ... எலி’ என்று ஓடிவிடும். அதையே ஒரு மாதம் கேட்ட பிள்ளை எலியையும் ஏணியையும் ஒரே எழுத்தில் வைக்கும். பிழை பிள்ளையில் இல்லை, மெட்டில் இருக்கிறது. எழுத்தைப் பேசிக் காட்டிவிட்டுச் சொல்லை மட்டும் பாடும் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குழப்பம் பாதி குறையும். மிச்சத்துக்குக் கைதட்டு: குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. இலக்கணத்தில் உள்ள மாத்திரைக் கணக்கும் அதேதான்.

எழுத்து வானத்திலிருந்து முழுசாக வந்து குதிக்கிற கார்ட்டூன்களை ஒதுக்கிவிடலாம். பார்க்க அழகு, ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று காட்டாது. ஒரு புள்ளி நகர்ந்து நகர்ந்து எழுத்தை வரையும் துண்டு நல்லது. அது முடிந்தவுடன் ரீவியை நிறுத்திவிட்டு, ஒரு தட்டில் விரல் நகத்தளவு கனத்துக்குக் கடற்கரை மணலைப் பரப்பி விரலால் எழுத வைக்க வேண்டும். மணல் காய்ந்து கிடந்தால் கோடு சரிந்து மூடும், லேசாகத் தண்ணீர் தெளித்தால் நிற்கும்.

அடுத்தது சொல். கிடைக்கிற துண்டுகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் செய்தவை. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்காலி, சாவி, சோப்பு, பப்பாளி, வேர்க்கடலை என்று வரும்போது, வீட்டில் கதிரை, திறப்பு, சவுக்காரம், பப்பாசி, கச்சான் என்று கேட்ட பிள்ளை படத்தைத்தான் பார்க்கும், சொல்லை விட்டுவிடும். ரீவியின் சொல்லைத் திருத்தத் தேவையில்லை. நிறுத்திவிட்டு, ‘நம்மட வீட்டில இதுக்கு என்ன பேர்?’ என்று கேட்டால் போதும், இரண்டு சொல்லும் பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும். ‘ஒ’வுக்கு ஒட்டகம் காட்டுவதை மாற்ற வழியில்லை, ஆனால் ‘ஓ’வுக்கு வாவியில் ஓடம் இருக்கிறது. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகளுக்கு ‘உ’வுக்கு உரலைவிட உம்மா (அம்மா) சட்டென்று ஒட்டும்.

இந்த ஊர்ப்பேச்சு விசயம் சின்னதல்ல. 1969 நவம்பர் 10 இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ தான் இந்த வகை நிகழ்ச்சிகளில் பேர்போனது. அதன் வங்கதேசப் பதிப்பான ‘சிசிம்பூர்’ 2005 இல் வந்தபோது வெளிநாட்டுப் பொம்மைகளை வைத்து மட்டும் சமாளிக்கவில்லை. ஹாலும் என்ற வங்கப் புலியைப் புதிதாகச் செய்து, வங்காளத்தில் பேச வைத்தார்கள். குரல் மாற்றி ஒட்டிய கார்ட்டூனுக்கும் ஊருக்கென்று செய்த பொம்மைக்கும் இடையிலுள்ள தூரம் பிள்ளையின் முகத்திலேயே தெரியும்.

எந்தத் துண்டு நல்லதென்று சோதிக்கவும் அங்கிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. செசமி ஸ்ட்ரீட்டின் ஆய்வாளர் எட்வர்ட் பாமர், ரீவிக்குப் பக்கத்தில் 7.5 செக்கனுக்கு ஒருமுறை படம் மாறும் இன்னொரு திரையை வைத்து, பிள்ளையின் கண் எப்போது அந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்தார். 1969 இல் பிலடெல்பியாவில் காட்டிப் பார்த்தபோது, மனிதர் மட்டும் வரும் தெருக் காட்சிகளில் கவனம் சிதறுவது தெரிந்தது. அதன் பிறகுதான் பெரிய மஞ்சள் பறவையும் குப்பைத் தொட்டிப் பொம்மையும் தெருவுக்கு வந்து மனிதரோடு பேசத் தொடங்கின. நமக்கு இரண்டாவது திரை தேவையில்லை. யன்னலுக்கு வெளியே காகமும் ஐஸ்கிறீம் வண்டியும் இருக்கின்றன. ரீவிக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்தபடி இருந்து, எந்த நிமிடத்தில் கண்கள் விலகுகின்றன என்று கொப்பியில் குறித்தால் போதும். ஒரே இடத்தில் மூன்று நாளும் விலகினால் அந்தத் துண்டை வெட்டிவிடலாம்.

ஆனால் கண் திரையில் இருக்கிறது என்பதற்காகப் படிக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. எண் பாட்டில் இது அப்பட்டமாகத் தெரியும். ‘ஒண்டு ரெண்டு மூண்டு’ என்று பத்து வரைக்கும் தாளம் தப்பாமல் பாடுகிற பிள்ளையிடம் புளியங்கொட்டைக் குவியலைக் கொடுத்து, ‘ஐந்து தாங்க மகன்’ என்றால் கை நிறைய அள்ளித் தரும். அதற்கு அது எண் அல்ல, பாட்டு வரி. பல கார்ட்டூன்களில் எண்ணின் பேர் முதலில் வந்துவிடும், மீன் பிந்தித்தான் திரைக்கு நீந்தி வரும். ஒவ்வொரு எண்ணிலும் நிறுத்தி ஒரு கொட்டையைச் சிரட்டைக்குள் போட வைக்க வேண்டும். ஒரு நாளில் ஐந்துக்கு மேல் போகத் தேவையில்லை. புளியங்கொட்டையை மூக்கில் விடுகிற பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்று இருக்கும். சின்னவர்களுக்குச் சோடா மூடி.

தினம் ஒரு புதுத் துண்டு போடுவது பெரியவர்களின் ஆசை. 1996 இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற பிள்ளைகள் நிகழ்ச்சியில் ஒரே பகுதியை ஐந்து நாள் அடுத்தடுத்து ஒளிபரப்பினார்கள். நாளாக ஆகப் பிள்ளைகள் கூடுதலாகப் பதில் சொன்னார்கள். இங்கேயும் அதுதான் நடக்கிறது: திங்கள் வாய் பிளந்து பார்க்கும், புதன் சேர்ந்து சொல்லும், வெள்ளி ரீவி சொல்வதற்கு முன் சொல்லிவிடும். ஐந்து நிமிடத் துண்டு ஒன்று, ஐந்து நாள். கேள்வி வந்ததும் நிறுத்தி மனதுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். டீச்சர்மார் பொறுக்கமாட்டாமல் இரண்டாவது எண்ணிலேயே விடையைச் சொல்லிவிடுவதுதான் இந்த முறையின் பெரிய எதிரி. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்ன அளவு. வீட்டில் போன் எவ்வளவு ஓடுகிறதென்று தெரியாதபோது, முன்பள்ளியில் இருபது நிமிடத்துக்குள் முடிப்பதே நியாயம்.

சாமான் பக்கம் சுருக்கமாக. டிஷ் இணைப்பை நம்பிப் பாடம் போட முடியாது. மாரி மழையில் படம் சதுரம் சதுரமாக உறைந்துவிடும். கல்லடி, கல்முனைக் கரையோரத்தில் உப்புக் காற்று கேபிள் முனையைப் பச்சை பிடிக்க வைக்கும். யூடியூப்பை நேரே போட்டால் அடுத்த வீடியோ தானாக ஓடிவரும், விளம்பரமும் வரும். பென் ட்ரைவில் போட்டு வைப்பதே தொல்லை இல்லாத வழி. சத்தம் வந்து படம் வராவிட்டால் அது பெரும்பாலும் எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோக் கோப்பு, எச்.264 முறையில் எம்பி4 ஆக மாற்ற வேண்டும். பென் ட்ரைவ் ஃபாட்32 என்ற முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. பழைய ரீவிகளில் தமிழ்ப் பேர் கட்டம் கட்டமாகத் தெரியும், 01, 02 என்று பேர் வையுங்கள். ஒரு கோப்புறைக்குள் ஒரு துண்டுதான், இல்லாவிட்டால் ரீவி தன்பாட்டில் அடுத்ததுக்குப் போய்விடும். பாட்டு வேகமாக இருந்தால் மடிக்கணினியில் விஎல்சி என்ற வீடியோச் செயலி வழியாக 0.75 வேகத்தில் ஓட விடலாம். தகரக் கூரையில் மழை கொட்டும் நாளில் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, அன்று பொம்மைதான்.

ரீவியை அணைத்த பிறகு பாடத்தைத் தூக்கிக்கொண்டு போவதும் கைப்பொம்மைதான். ஒரு நீளச் சொக்ஸ், வாய்க்கு ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் வெட்டிய நீள்வட்டம். மட்டை வைத்தால் மாரியில் ஊறி மடங்கிவிடும். கண்ணுக்குப் பொத்தான், ஒட்டாமல் தைக்க வேண்டும், கழன்றால் வாய்க்குத்தான் போகும். இரண்டு கண்மணியும் மூக்குப் பக்கம் சற்று உள்நோக்கி இருந்தால் பொம்மை ஆளைப் பார்ப்பதுபோல் இருக்கும், நேராக வைத்தால் எங்கோ வெறிக்கும். பேசும்போது மேல் விரல்களைத் தூக்காமல் கட்டைவிரலைக் கீழே இறக்க வேண்டும், அசைக்கு ஒரு தரம். மேலே தூக்கினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொம்மை வானத்தைப் பார்க்கும்.

பொம்மைக்கு எல்லாம் தெரிந்திருக்கக் கூடாது. கதிரையைக் காட்டி, ‘இது மேசைதானே?’ என்று அது கேட்க வேண்டும். ‘இல்ல, கதிரை!’ என்று முழு வகுப்பும் கத்தும். டீச்சர் கேட்டால் வாய் திறக்காத பிள்ளையும் பொம்மையைத் திருத்த வரும். முடிந்ததும் பிள்ளைகள் முன் கையிலிருந்து உருவி எறியாமல், பைக்குள் ‘நித்திரைக்கு’ விட்டு மூட வேண்டும். கிழமைக்கு ஒருக்கால் துவைத்து வெயிலில் காயவிட வேண்டும். முதலில் கிழிவது கட்டைவிரல் பக்கம். பழைய டெனிம் துண்டு வைத்து இரட்டைத் தையல் போட்டால் ஒரு தவணை தாங்கும்.