அபிலேக் படல்: தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவை எப்படி?

இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் 2015-ல் தொடங்கிய இணையதளம் அபிலேக் படல். அதற்கு முன், வெள்ளைக்காரர் காலத்து மத்திய அரசுக் கோப்பு ஒன்றைப் பார்க்க டெல்லி ஜன்பத்துக்குப் போக வேண்டும். அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டி, சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இப்போது பதிவு செய்துகொண்டால் வீட்டிலிருந்தே தேடலாம், ஸ்கேன் ஆன கோப்புகளைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். தமிழக வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனாலும் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று சலித்துப் போகிறவர்கள் உண்டு.

தேடல் பெரும்பாலும் ஓடுவது கோப்பின் தலைப்பில்தான், உள்ளே இருக்கும் எழுத்தில் அல்ல. அந்தத் தலைப்பும் அன்றைய குமாஸ்தா எழுதியது. அவர் கூட்டிய எழுத்திலேயே நாமும் ஆங்கிலத்தில் தேட வேண்டும். திருநெல்வேலி என்றால் 'டின்னவெலி', தூத்துக்குடி 'டூட்டிகோரின்', திருச்சி 'டிரிச்சினோபொலி', ராமநாதபுரம் 'ராம்நாட்'. ஆள் பெயர் இன்னும் தொல்லை. 'பிள்ளை'யை ஏ-ஐ என்று முடித்தும் ஏ-ஒய் என்று முடித்தும் எழுதியிருப்பார்கள். 'சிதம்பரம் பிள்ளை', 'சிதம்பர பிள்ளை' இரண்டையும் போட்டுப் பாருங்கள். அதிலும் சிக்காவிட்டால் பெயரை விட்டுவிட்டு ஊர், ஆண்டு, 'ராஜத்துரோகம்', 'கலகம்' ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைக் கொண்டு தேடுங்கள்.

அடுத்த கோளாறு தேதி. வ.உ.சி. கைதானதை ஒட்டித் திருநெல்வேலியில் கலகம் வெடித்தது 1908 மார்ச்சில். ஆனால் கோப்பு நடவடிக்கை முடிந்த மாதத்தின்கீழ் அடுக்கப்பட்டிருக்கலாம், சில மாதம் தள்ளியே. சம்பவ ஆண்டோடு அடுத்த ஆண்டையும் சேர்த்துத் தேடுவதே பாதுகாப்பு. துறைகளில் முதலில் பார்க்க வேண்டியது ஹோம் டிபார்ட்மென்ட், அதில் பொலிட்டிகல் பிரிவு. சமஸ்தான விவகாரம் என்றால் ஃபாரின் அண்ட் பொலிட்டிகல்.

தலைப்பில் ஏ, பி, டெபாசிட் என்ற குறிகள் இருக்கும். ஏ முக்கியமானது, பி அதற்கு அடுத்தது, டெபாசிட் அன்றைய அதிகாரிகள் அவ்வளவாக மதிக்காதது. ஆய்வாளருக்கு அந்த வரிசை பொருந்தாது. டெபாசிட்டை ஒதுக்க வேண்டாம். கே.டபிள்யூ. ('கீப் வித்', அதாவது கோப்போடு சேர்த்து வைக்க வேண்டியது) என்ற குறியோடு வரும் அலுவலகக் குறிப்புகளையும் கட்டாயம் படியுங்கள். வெளியே போகும் கடிதத்தில் அடக்கிப் பேசுகிற அதிகாரி இங்கேதான் மனம்விட்டு எழுதுவார்.

படத்தின் தரம் ஒரே சீராக இல்லை. பின்பக்க மை ஊறித் தெரியும் தாள்களில் கையெழுத்துக் குறிப்புகளைப் படிப்பது கண்ணுக்கு வதை. கோப்பின் பக்க எண்களையும் திரையில் வரும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, விடுபட்டது உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கோளுக்குத் தளம் தரும் அடையாள எண் மட்டும் போதாது. துறை, பிரிவு, மாதம், ஆண்டு, நடவடிக்கை எண், ஏ அல்லது பி, எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். இணைய முகவரி மாறினாலும் கோப்பு கைக்கு வரும்.

இங்கே கிடைக்காதது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சென்னை மாகாண அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கோயில் நிலம், இனாம் (வரிச்சலுகையோடு கொடுத்த நிலம்) வழக்கு என்று அலைகிறவர்கள் டெல்லித் தளத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் தந்த 'இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்' என்ற நிலப் பதிவேட்டை எழும்பூரில் கேளுங்கள். 1993-ம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டமும் மத்திய அரசு, யூனியன் பிரதேச ஆவணங்களுக்குத்தான். மாநில அரசின் ஆவணங்கள் அதில் வராது.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது. டெல்லிக் கோப்பில் சென்னை அரசின் கடிதம் இருந்தால் அதன் எண்ணும் தேதியும் துறையும் மேலேயே இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு எழும்பூர் போங்கள். வெறும் பொருளைச் சொல்லிக் கேட்பதைவிடத் துறை, எண், தேதி மூன்றும் சீட்டில் இருந்தால் ஊழியருக்கும் எடுத்துத் தருவது சுலபம். அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.