அம்மாவின் கால் விறைப்பும் பெரியாஸ்பத்திரியும்

நல்லூர்த் திருவிழாவுக்கென்று லண்டனிலிருந்து மூன்று கிழமை லீவில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கோண்டாவிலுக்குப் போயிருந்தேன். போன மறுநாள் பின்னேரம், அம்மா படலையடியிலிருந்து கிணற்றடிக்கு நடந்து வருகிறா. வலது காலில் செருப்பு இருக்கிறது, இடது கால் வெறுங்கால். "மற்றச் செருப்பு எங்கையம்மா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவவுக்கே தெரிந்தது. செருப்பு படலையடியிலேயே கிடந்தது.

அம்மாவுக்கு 68 வயது. 2009 இலிருந்து சீனி வருத்தம் (நீரிழிவு). "கால் விறைக்குது, இரவில எறும்பு ஊருறது போல, சில நேரம் மிளகாய் அரைச்சுப் பூசினது போல எரியுது" என்று இரண்டு வருடமாகப் போனில் சொல்லிக்கொண்டுதான் இருந்தா. வயதுக்கு வருவதுதானே என்று நானும் விட்டிருந்தேன். அன்றைக்குக் கதிரையில் இருத்தி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். குதிக்காலில் ரூபாய்க் குத்தியளவு கொப்புளம். எரிவு தாங்காமல் நொச்சி இலை அவித்து ஒத்தடம் பிடித்திருக்கிறா, சூடு கூடினது தெரியவில்லை. பெருவிரலுக்குக் கீழே தோல் தடித்த இடத்தில் நெருஞ்சி முள்ளொன்று முறிந்து நின்றது. எப்ப குத்தினது என்று கேட்டால், "முள்ளோ?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறா.

கையில் காசு இருந்தது, நாள்தான் இல்லை. அதனால் டவுனில் ஒரு தனியார் இடத்தில் காசு கட்டி டொக்டரைப் பார்க்க நேரம் எடுத்தேன், சனல் பண்ணுவது என்போம். இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தோம். உள்ளே மூன்று நிமிடம். காலை ஒருவரும் பார்க்கவில்லை. முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி ஒரு துண்டும், நரம்புச் சத்துக் குளிசை என்று நான்கு வகையும் தந்தார்கள். அதில் இரண்டில் பி6 விற்றமின் கூடின அளவில் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பி6 அளவுக்கு மிஞ்சி நெடுநாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சின்னம்மாதான் சொன்னா: "கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ." பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு விடிய ஆறரைக்கே போய் நம்பர் எடுத்தோம். வாங்கில் இடமில்லை, காற்றாடி இருந்தும் புழுக்கம். எங்கள் முறை வர பத்தரை தாண்டிவிட்டது. ஆனால் உள்ளே இருந்த இளம் டொக்டர் பிள்ளை முதலில் கேட்டது, "அம்மா, காலைத் தூக்கி இதிலை வையுங்கோ" என்றுதான்.

கையில் பேனை போன்ற பிடியில் செருகிய ஒரு நைலோன் நூல். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. "கண்ணை மூடுங்கோ, தொடுறது தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்கோ." கணுக்காலுக்கு மேலே தொட்டா, அம்மா "ஓம்" என்றா. புறங்காலில் கொஞ்சம் யோசித்து "ஓம்". பிறகு பெருவிரல். நூல் வில்லுப்போல் வளைந்து நிற்கிறது. அம்மா கண்ணை மூடியபடி, இனித்தான் தொடப் போகிறா என்று காத்துக்கொண்டிருக்கிறா. அந்த ஐந்தாறு செக்கனை என்னால் மறக்க முடியாது. அடுத்து 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி விரல் எலும்பில் வைத்தா. அதிர்வும் தெரியவில்லை. சுத்தியலால் குதிக்காலுக்குப் பின்னாலுள்ள தசைநாணைத் தட்டினா, பாதம் அசையவில்லை.

எல்லாம் பத்து நிமிடம். ஒரு சதமும் செலவில்லை. இது நரம்புப் பழுது, நீளமான நரம்புகள்தான் முதலில் பழுதாகும், அதனால் கால்விரல் நுனியில் தொடங்கி மேஸ் (காலுறை) போட்டதுபோல் ஏறிவரும், பிறகு கைவிரலுக்கும் வரும் என்று விளங்கப்படுத்தினா. இரண்டு காலிலும் ஒரே மாதிரி, மெதுவாக வந்தது என்பதால் இப்போதைக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் என்றாலோ, கிழமைக்குள் வேகமாக ஏறினாலோ, கால் பலம் குறைந்தாலோதான் நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கும் சோதனைக்கும் நரம்பியல் நிபுணரிடமும் உடனே போகவேண்டும். தோலில் உணர்வில்லாத தேமல் இருக்கிறதா என்றும் பார்த்தா, முழங்கை நரம்பைத் தடவியும் பார்த்தா. தொழுநோயோ என்று பார்க்கத்தான், அது நம் நாட்டிலிருந்து இன்னும் முற்றாகப் போகவில்லை.

சீனி ஒன்றைத்தான் நான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். டொக்டர் பிள்ளை கேட்டது வேறு: "மெற்ஃபோமின் எத்தனை வருஷம்? சைவமோ? பால் குடிக்கிறவவோ?" பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சீனிக்கு அந்தக் குளிசைதான். பிறந்ததிலிருந்து சைவம். 2022 இல் பால்மா கிடைக்காமலும் விலை ஏறியும் போனதிலிருந்து வெறும் தேத்தண்ணிதான். மெற்ஃபோமின் நெடுநாள் எடுத்தால் உடம்பு பி12 விற்றமினை உறிஞ்சுவது குறையும். சைவக்காரருக்குப் பாலும் தயிரும்தான் அது கிடைக்கும் முக்கிய வழி. அதையும் அம்மா நிறுத்திவிட்டா. பத்து பவுணுக்குச் சாறி வாங்கிக்கொண்டு போன எனக்கு, அம்மா பால் குடிக்கிறதை நிறுத்தினது தெரியாது.

இரத்தம் சோதித்ததில் பி12 நன்றாகக் குறைவு. மூன்று மாதச் சீனிச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி 9.4, அது கூடுதல். பி12 ஊசி தொடங்கினார்கள். எரிவுக்கு இரவில் காபாபென்ரின் குளிசை, குறைந்த அளவில். தலைசுற்று வரலாம், இரவில் எழும்பும்போது விளக்கைப் போடுங்கோ என்றும் சொன்னார்கள். மிஸி (தாதி) ஒருவர் ஊசி முனையால் அந்த முள்ளை எடுத்தா. அம்மா முகம் சுளிக்கவேயில்லை, அது எனக்குச் சந்தோசமாக இருக்கவில்லை. போன உணர்வு முழுக்கத் திரும்பும் என்று டொக்டர் பிள்ளை சொல்லவில்லை. பி12 குறைவால் வந்த பங்கு மாதக்கணக்கில் கொஞ்சம் தேறலாம், மிச்சத்தை மேலே ஏறவிடாமல் பார்ப்பதுதான் வேலை என்றா.

அம்மாவின் கவலையோ கோயில்தான். "நல்லூரானிட்ட வெறுங்காலோட போகாம என்னெண்டு?" டொக்டர் பிள்ளை தடுக்கவில்லை. "மத்தியானம் வேண்டாம், மணல் சுடும். விடியப் பூசைக்குத் தடிப்பான மேஸ் போட்டுக்கொண்டு போங்கோ. வந்து கால் கழுவி, விரலிடுக்கைத் துடைச்சு, அடிப்பாதத்தைப் பாருங்கோ." தேருக்கு முதல் நாள் விடிய அப்படித்தான் போனோம்.

குதிக்காலில் வார் உள்ள செருப்பு ஒன்று வாங்கினேன், கழன்றால் தெரியும்படி. உள்ளங்கால் பார்க்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, கட்டிலுக்குப் பக்கத்தில். இப்போது ஞாயிறு தோறும் வீடியோவில் கதைக்கும்போது, சாப்பிட்டீங்களோ என்று கேட்கமுன் காலைக் காட்டச் சொல்கிறேன். போன கிழமை கொப்புளம் இருந்த இடத்தில் புதுத் தோல். அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை, ஓட்டோக்கார அண்ணையிடம் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.